இல்லமே பாடசாலையானால்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், தாய் தந்தையரே ஆசிரியராக நின்று, வீட்டிலேயே கல்வி பயிற்றும் குடும்பங்கள் சில நம் தேசத்தில் தோன்றியிருக்கின்றன. ஜனத்தொகையை நோக்க அவை மிகச் சொற்பமே. ஆயினும் அவற்றை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. இவ்வழியில் இறங்கியவர்களில் அநேகர் தாமே நன்கு படித்தவர்கள். பரீட்சை என்னும் செக்கைச் சுற்றிச் சுற்றிக் குழந்தைகள் களைத்துப்போவதைக் கண்டு மனம் நொந்தவர்கள். "மார்க்குப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டாம், அயலாருக்கு ஆபத்து வந்தால் முதலில் ஓடி நிற்கட்டும், அதுவே எங்களுக்குப் போதும்" என்பது இவர்களுடைய கட்சி.

கேட்பதற்கு இனிய கட்சிதான். இதனை வீண் பைத்தியம் என்று ஏளனம் செய்வோர் உளர். ரிஷிகளின் குருகுலமே திரும்பி வந்துவிட்டதென்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பரிசோதனை நமக்குப் புதிதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, தென்னாப்பிரிக்காவில், ஓர் இந்திய பாரிஸ்டரின் வீட்டில் இது நடந்து முடிந்திருக்கிறது. அதன் வரவையும் செலவையும் அவரே கணக்கெழுதி, 1925 முதல் "நவஜீவன்" பத்திரிகையில் உலகறிய வெளியிட்டும் இருக்கிறார். அவர் மகாத்மா காந்தி. அக்கணக்கு "சத்திய சோதனை". வீட்டில் பள்ளி வைக்க விரும்புவோர் அந்தக் கணக்கை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

1897-ம் வருஷம் ஜனவரி மாதம் காந்தி டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது அவருடன் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் பத்து வயதான சகோதரி மகன். மற்ற இருவர் ஒன்பதும் ஐந்தும் வயதான தம் புதல்வர்கள். வெள்ளையர் பள்ளியில் இவர்களைச் சேர்ப்பது அவருக்கு அசாத்தியமன்று. ஆனால் அது பிரபல வக்கீல் ஒருவருக்குத் தனியாகக் காட்டப்படும் சலுகையாகவே இருந்திருக்கும். மற்ற இந்தியர் பிள்ளைகளுக்குக் கிடையாத இடம் தம் பிள்ளைகளுக்கு மட்டும் எதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். மிஷன் பள்ளிகளோ ஆங்கில மொழியிலேயே கற்பித்தன. அதுவும் அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை ஆசிரியையாக அமர்த்திப் பார்த்தார். தாமே குஜராத்தி கற்பிக்கவும் முயன்றார். ஆனால் கோர்ட்டும் கட்சிக்காரர்களும் பொது வேலைகளும் அவருடைய பொழுதை விழுங்கின. வக்கீல் தொழிலை அறிந்த எவருக்கும் இதில் வியப்பிராது. "இதோ வருகிறேன்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போனவர், அது உறங்கிய பின்பே திரும்பும் தொழில் அது.

எழுத்துப் பாடம் இவ்வாறு தடைப்பட்டதாயினும் வேறொரு பாடம் அவ்வீட்டில் இடையறாது நடந்தது. ஒரு நாள் குஷ்டரோகி ஒருவன் வாசலில் வந்து நின்றான். உணவிட்டு அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே அழைத்து இடங்கொடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டினார். என்றென்றும் வைத்துப் பராமரிக்க இயலாமையால், ஒப்பந்தக் கூலிகளுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பிறகு அனுப்பிவைத்தார். ஆனாலும் மனம் அமைதியடையவில்லை. பார்சி ருஸ்தம்ஜியின் தர்மப் பணத்தால் டாக்டர் பூத் நடத்திய சிறு வைத்தியசாலையில் நாள்தோறும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்தார்கள். பரோபகாரத்தைப் பற்றி அவர்களுக்கு எவரும் பிரசங்கம் செய்யவில்லை. தகப்பனாருடைய கை என்ன செய்கிறது என்பதே அவர்களுக்குப் பாடம்.

பின்னர் குடும்பம் ஜோஹானஸ்பர்க் நகரில் வசித்தபோது இந்தப் பாடம் இன்னும் விரிந்தது. கடையில் ரொட்டி வாங்குவதை நிறுத்தி, வீட்டிலேயே மாவரைக்க 7 பவுனுக்கு ஓர் இரும்பு எந்திரம் வாங்கினார்கள். ஆங்கில ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளமும் இந்த எந்திரத்தின் விலையும் ஒரே தொகையாக அமைந்தது ஒரு விநோதம். அதன் சக்கரத்தை ஒருவர் தனியே சுழற்றுவது கடினம். இருவர் கூடினால் எளிது. காந்தியும், அவருடன் வசித்த போலக் என்னும் ஆங்கில நண்பரும், பிள்ளைகளும் சேர்ந்து அரைத்தார்கள். கஸ்தூர்பாயும் சில சமயம் கைகொடுப்பார். கட்டாயமென்பது இல்லை, விளையாட்டுப் போலவே பிள்ளைகள் வந்து கலந்துகொள்வார்கள். வீட்டு வேலையாள் குடும்பத்தில் ஒருவனாகவே நடத்தப்பட்டான். அவனுடைய வேலைகளில் பிள்ளைகள் துணை செய்தார்கள். மலத்தை அகற்ற நகரசபை ஊழியர் வருவார். ஆனால் கக்கூஸைக் கழுவும் வேலையை அவருக்கு விடாமல் வீட்டாரே செய்தார்கள். தோட்டி வேலை இழிவென்னும் எண்ணம் தம் புதல்வர் எவருக்கும் உண்டாகாததற்கு இதுவே காரணமென்று மகாத்மா திருப்தியோடு எழுதுகிறார். ஜாதியின் பெயரால் அந்த வேலையை ஒரு கூட்டத்தார் தலையில் சுமத்தி வைத்த நம் சமூகத்தில், இது எத்தனையோ பட்டங்களுக்கு மேலான படிப்பென்பதை நாம் மறுக்கவில்லை.

இந்தக் கல்வி அதன் பூரண உருவை அடைந்தது டால்ஸ்டாய் பண்ணையில். 1910-ம் வருஷம் ஜெர்மானியக் கட்டடச் சிற்பியான காலன்பாக், ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் உபயோகத்துக்கு அளித்தார். சிறை சென்றவர்களுடைய மனைவி மக்களுக்குக் கஞ்சி ஊற்ற வழி வேண்டுமென்பதே பண்ணையின் முதல் நோக்கம். ஆகவே அங்கே வீடு என்பதே பிறருக்காக எழுப்பிய கூரை. இளைஞர் சுமார் 40 பேரும், முதியோர் சிலரும், பெண்கள் ஐவரும், குழந்தைகள் 20 முதல் 30 பேரும் அங்கு வசித்தார்கள். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் என்று பலரும் இருந்தார்கள். தமிழ்க் குழந்தைகளும் இருந்தார்கள்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கக்கூஸ் சுத்தம் வரை சகலமும் வசிப்போர் பொறுப்பு. குழி வெட்டுதலும் மரம் வெட்டுதலும் சுமை தூக்குதலும் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சியாயின. காலன்பாக் ஒரு டிராப்பிஸ்டு மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்று, விரும்பியவர்களுக்குக் கற்பித்தார். ஆசிரியர் செய்யாத எதையும் மாணாக்கரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அங்கே விதி. காலைப் பொழுது முழுவதும் வேலையில் கழிந்தபடியால், எழுத்துப் பாடத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்பே நேரம் கிடைத்தது. ஆசிரியருக்கும் தூக்கம், மாணாக்கருக்கும் தூக்கம். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படித்தார்கள்.

தமிழ்ப் பாடம் நடத்தியவரும் காந்தியே. கப்பற் பிரயாணங்களிலும் சிறையிலும் போப்பையருடைய பாடநூலைக் கொண்டு கற்ற அளவுதான் அவருடைய தமிழ். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அத்தமிழ்ச் சிறுவர்களுக்கோ பேச்சு ஒருவாறு வரும். எழுத்து ஒன்றும் தெரியாது. எழுத்தை அவர் கற்பித்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால் அதே சிறுவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாக நின்றார்கள். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. நம் மொழியின் அட்சரங்களை நம்மவர் பிள்ளைகளுக்கு ஒரு குஜராத்தி வக்கீல் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொடுத்த அக்காட்சியை எண்ணுந்தோறும் நமக்குப் பெருமையும் சிறிது வெட்கமும் உண்டாகின்றன.

ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பிருந்தபோது மற்ற மதத்துப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக ஒருவேளை உணவோடு நின்றார்கள். முஸ்லிம் பிள்ளைகள் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்பே உண்ண வேண்டும். மற்றவர்கள் அதற்கு முன்பே உண்டுவிடலாம். எதற்காகவெனில், நோன்பு துறப்போருக்கு நல்ல பதார்த்தங்கள் சமைத்துத் தங்கள் கையாலேயே பரிமாறுவதற்காக. மத ஒற்றுமையைப் பற்றி இன்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தப் பிள்ளைகள் அதனை அடுப்படியில் நின்று கற்றார்கள்.

பண்ணைப் பிள்ளைகளில் சிலர் துஷ்டர்கள், சிலர் சோம்பேறிகள். இவர்களோடு உம்முடைய புதல்வர்கள் கலந்து பழகினால் கெட்டுப்போகமாட்டார்களா என்று காலன்பாக் ஒருமுறை கேட்டார். தம் பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் தாங்கள் மற்றவர்களைவிட மேலானவர்கள் என்ற செருக்கு அவர்கள் தலைக்கேறும் என்று காந்தி கருதினார், பிரிக்கவில்லை. பொல்லாத சகவாசத்துக்கு அஞ்சியே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். காந்தியின் வீட்டுப் பள்ளிக்குக் கதவு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் பள்ளியில் கணக்கு வரும், இலக்கணம் வரும். பரோபகாரம் மட்டும் வராது. அதற்குப் பிறர் என்று சிலர் எதிரே இருந்தாகவேண்டும்.

இந்தக் கல்வியின் பலன் என்ன? 1914-ல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டபோது அவருடைய பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் இந்தியாவுக்கு வந்தார்கள். சத்தியாக்கிரகத் தளபதி தம்பி நாயுடுவின் புதல்வர் நால்வரும் அக்கூட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். காங்கடி குருகுலத்தில் சில காலம் தங்கி, பின் கவி தாகூரின் சாந்திநிகேதனத்தில் இவர்கள் விருந்தினராக இருந்தார்கள். விருந்தினரென்று சும்மா உட்கார்ந்து உண்ணவில்லை; தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1915 மார்ச் 10-ந் தேதி, காந்தியின் தூண்டுதலால், சாந்திநிகேதனத்து மாணவர்களும் ஆசிரியர்களும் சமையலையும் சுத்தத்தையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தினம் "காந்தி புண்ணியாகம்" என்ற பெயரால் அங்கே இன்றும் அனுஷ்டிக்கப்படுகிறது. காந்தியின் புதல்வர்களில் மணிலால் பலமுறை சிறை சென்றார்; 1920 முதல் 1956-ல் காலமாகும் வரை தென்னாப்பிரிக்காவில் "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையை நடத்தினார். தேவதாஸ் 1918-ல் ஹிந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தார். பின்னாளில் ராஜாஜியின் மருமகனாகவும் "ஹிந்துஸ்தான் டைம்ஸ்" ஆசிரியராகவும் விளங்கினார். கல்லூரிப் பட்டம் ஒன்றும் இவர்களிடம் இல்லை. தேசம் அதனால் நஷ்டமடையவும் இல்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் பத்திரிகை தர்மத்தினின்று வழுவியவர்களாவோம். கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. அங்கே பெரிய எழுத்தில் காணப்படும் பெயர் ஹரிலால்.

மூத்த மகனாகிய ஹரிலால் கோழையல்லர். டிரான்ஸ்வால் போராட்டத்தில் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தவர். "சின்னக் காந்தி" என்று ஜனங்கள் அன்போடு அழைத்தவர். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. முறையாகப் படிக்க வேண்டும், தகப்பனாரைப்போல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராக வேண்டும். டாக்டர் பிராணஜீவன் மேத்தா இங்கிலாந்தில் படிக்க ஒரு மாணவருக்குப் பண உதவி செய்ய முன்வந்தார். காந்தி அந்த வாய்ப்பைத் தம் மகனுக்குக் கொடாமல், முதலில் உறவினராகிய சகன்லாலுக்கும், அவர் நோயுற்றுத் திரும்பியபின் சோராப்ஜி என்னும் பார்சி சத்தியாக்கிரகிக்கும் அளித்தார். பொதுக் காரியத்தில் சொந்த மகனுக்குச் சலுகை காட்டலாகாதென்பது தகப்பனாரின் நியாயம். மகனுடைய மனம் அதில் முறிந்தது. 1911-ல் அவர் பிரிந்து இந்தியாவுக்குப் படிக்க வந்தார். இருபதைத் தாண்டிய வயதில் பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தும் மெட்ரிகுலேஷனில் தேறவில்லை. தம் கல்வியைத் தகப்பனார் பாழாக்கினார் என்ற குறையை அவரிடமும் சொன்னார். பிறருக்கும் சொன்னார். அவருடைய பிற்காலத் துயரங்களை இங்கே விவரிக்க நாம் விரும்பவில்லை. மகாத்மா மறைந்த 1948-ம் வருஷத்திலேயே, சில மாதங்களில், அவரும் மறைந்தார்.

அத்துயரங்களுக்கெல்லாம் படிப்பில்லாமை ஒன்றே காரணம் என்று எவரும் தீர்ப்பளிக்க முடியாது, நாமும் அளிக்கவில்லை. ஆனால் மகாத்மாவே இந்த விஷயத்தில் தம்மை முழுவதும் குற்றமற்றவராகக் கூறிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பள்ளிக்கு அனுப்பாததற்காக அவர் வருந்தவில்லை. சுதந்திரமா, ஏட்டுப்படிப்பா என்று வந்தால் சுதந்திரத்தையே தெரிந்துகொள்ள வேண்டுமென்று உறுதியாக நின்றார். அவர் வருந்தியது வேறொன்றுக்காக. தினந்தோறும் தவறாமல் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளின் எழுத்துப் படிப்புக்கு ஒதுக்க முடிந்திருந்தால் தம் முறை பூரணமாகியிருக்கும் என்று எழுதுகிறார். ஜோஹானஸ்பர்க்கில் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போக வர ஏறக்குறைய ஐந்து மைல் பிள்ளைகளை உடன் நடத்திச் சென்று வாய்மொழியாகக் கற்பித்ததுண்டு. வழியில் வேறு யாரேனும் பேச வந்துவிட்டால் அந்தப் பாடமும் நின்றுபோகும். உலகத்துக்கெல்லாம் கொடுக்க நேரம் இருந்த மனிதரிடம் மக்களுக்கென்று அந்த ஒரு மணி நேரம் இல்லாமற் போயிற்று.

நாம் கூற விரும்புவதும் இதுவே. பரோபகாரத்துக்காக ஒருவன் தன் பொருளைக் கொடுக்கலாம். தன் சுகத்தைக் கொடுக்கலாம். உயிரையே கொடுத்தாலும் போற்றுவோம். அவையெல்லாம் அவனுடையவை. குழந்தையின் படிப்பு அவனுடையதன்று. அது குழந்தையின் சொத்து. தகப்பன் அதற்குத் தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரன் அல்லன். தர்மகர்த்தா தன் கைப்பணத்தை எடுத்துத் தானம் செய்தால் வள்ளல். பிறருடைய நிதியை எடுத்துத் தானம் செய்தால் சட்டம் அதற்கு வேறு பெயர் சொல்லும்.

அன்று காந்திக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது. நிறவெறி ஆண்ட நாட்டில் கௌரவத்தோடு கூடிய பள்ளி இந்தியக் குழந்தைக்குக் கிடையாது. இன்று நம் தேசத்தில் அந்தத் தடை இல்லை. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் அரசியல் சாசனம் அளித்த உரிமை. 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, குழந்தையை அண்டைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறிய பெற்றோருக்குத் தண்டனை ஒன்றும் அதில் விதிக்கப்படவில்லை. வீட்டில் படித்த பிள்ளையும் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் மூலம் பரீட்சை எழுதி மேற்படிப்புக்குச் செல்ல வழி இருக்கிறது. சட்டம் வீட்டுப் பள்ளிக்கு மாலையிட்டு வரவேற்கவில்லை. கையைப் பிடித்துத் தடுக்கவும் இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் பெற்றோரின் மனச்சாட்சியின் மேல் வந்து நிற்கிறது.

வீட்டுப் பள்ளி வைப்போருக்கு நாம் சொல்வது மூன்றே விஷயங்கள். முதலாவது, வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும். உங்கள் குழந்தைக்குப் பாடம் சொல்லும் திண்ணையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவருக்கும் இடம் கொடுங்கள். ஊர்ப் பள்ளியை விட்டு விலகினாலும் அதன் கூரைக்கும் குடிநீருக்கும் குரல் கொடுக்க மறவாதீர்கள். இரண்டாவது, இந்தப் பாரம் முழுவதையும் மனைவியின் தலையில் வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் புதுமுறைக் கல்வி" என்று கூட்டங்களில் பேசித் திரியும் புருஷர்களாக இராதீர்கள். எந்திரச் சக்கரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது, அந்த ஒரு மணி நேரம். தீ விபத்தாயினும் வெள்ளமாயினும், உயிர்போகும் சமயம் ஒன்றைத் தவிர வேறெதற்காகவும் அதை விட்டுக்கொடாதீர்கள்.

இந்த மூன்றாவது விஷயம் வீட்டுப் பள்ளிக்காரருக்கு மட்டும் உரியதன்று. இதைப் படிக்கும் தொண்டர்களில் அநேகருடைய பிள்ளைகள் பள்ளிக்கே செல்கிறார்கள். ஆனால் தகப்பனாருடைய முகத்தை அவர்கள் எத்தனை நாள் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்? காலையில் மனு எழுதிக்கொடுக்க ஒருவர், பகலில் தாலுகா ஆபீஸுக்குத் துணையாக ஒருவர், மாலையில் கூட்டம், இரவில் காரியக் கமிட்டி. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதற்காக அலைந்துவிட்டு வருகிறோம். நம் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் ஒரு கணம் யோசிக்கிறோம். அதையும் தியாகம் என்று சொல்லி மார்தட்டுகிறோம். அந்தத் தியாகத்துக்கு வரி கட்டுகிறவன் பேசத் தெரியாமல் மூலையில் புத்தகத்தோடு காத்திருக்கிறான்.

மகாத்மாவின் வரவுப் பக்கத்தைப் பின்பற்ற நம்மில் சிலருக்கே ஆற்றல் உண்டு. குஷ்டரோகியின் புண்ணைக் கழுவும் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் தம் செலவுப் பக்கத்தை மறைக்காமல் அவர் எழுதி வைத்ததன் பயனை எல்லோரும் அடையலாம். பிறருக்கு உதவி செய்யப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அந்த உதவி முதலில் உங்கள் கையில் தொடங்கட்டும். அந்தப் பிறரின் வரிசையில் உங்கள் குழந்தையும் ஒருவன் என்பதை மறவாதீர்கள். இன்று இரவு கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் அவனுக்குக் கொடுங்கள், கூட்டம் காத்திருக்கும்.